பழைய ஜீப், லேண்ட் ரோவர் கதவுக் கீல்கள்: ஆட்டத்தை எடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வில்லிஸ் ஜீப், ஜீப்பின் சிஜே ரகங்கள், 1948-இல் தொடங்கிய லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டிகள், டொயோட்டா எஃப்ஜே40 என்று பழைய காட்டு வண்டிகளில் கதவுக் கீல் பெரும்பாலும் வெளியே தெரிகிறபடி இருக்கும். மழையும் மண்ணும் நேராக அதன்மேல்தான் விழுகின்றன. வருடக்கணக்கில் ஓடியபின் கதவு சரிகிறது, கடகடக்கிறது, தூக்கிப் பிடித்துத்தான் சாத்த முடிகிறது. கீலைக் கழற்றி, புஷ் (துளைக்குள் அமுக்கும் மெல்லிய உலோகக் குழாய்) போட்டு, புதிய கீல்பின்னோடு (கீல் சுழலும் அச்சுக் கம்பி) மாட்டுகிற வேலையில் எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கதவு சரிந்திருக்கிறது. கீல்தான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது?

கதவைப் பாதி திறந்து, பூட்டு இருக்கும் ஓரத்தின் அடியைப் பிடித்து மேலே தூக்கி விடுங்கள். கூட ஒருவர் இருந்தால் அவர் கீலைக் கவனிக்கட்டும். கீலின் இரண்டு கண்களும் (கீல்பின் நுழையும் குழாய் போன்ற பகுதிகள்) சேரும் கோட்டின் குறுக்கே விரல் நுனியை வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. கண்ணுக்குத் தெரியாத அசைவுகூட விரலுக்குத் தெரிந்துவிடும்.

அசைவு மூன்று இடங்களில் இருக்கலாம். ஒரு கண் நிற்க மற்றது மட்டும் நகர்ந்தால் கீல்பின்னும் துளையும் தேய்ந்திருக்கின்றன. கீல் முழுதாக, தகட்டோடு சேர்ந்து நகர்ந்தால் திருகு தளர்ந்திருக்கும், இல்லையென்றால் தகடு உட்காரும் இடம் கிழிந்திருக்கும். கீலோடு சேர்ந்து, அது மாட்டியிருக்கும் உடலின் தூணே அசைந்தால் உள்ளே துரு தின்றிருக்கிறது. அந்த நிலையில் கீலைப் புதுப்பித்துப் பயனில்லை, முதலில் வெல்டிங் வேலைதான். லேண்ட் ரோவர் சீரிஸில் கதவுத் தூண் முன்பக்க பல்க்ஹெட்டின் (என்ஜினையும் இருக்கைப் பகுதியையும் பிரிக்கும் சுவர்) ஒரு பகுதி. பல்க்ஹெட் இரும்பு, அதன் அடிப்பகுதி துருவுக்குப் பேர்போனது. ஸ்க்ரூடிரைவர் முனையால் அங்கே நாலு இடத்தில் குத்திப் பார்த்துவிட்டே மேலே போங்கள்.

கீலில் கால் மி.மீ., அரை மி.மீ. ஆட்டம்தான் இருக்கிறது. கதவு மட்டும் ஏன் இவ்வளவு இறங்குகிறது?

இரண்டு கீல்களுக்கும் நடுவே 40 செ.மீ., கதவின் அகலம் 90 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மேல் கீலில் அரை மி.மீ., கீழ்க் கீலில் அரை மி.மீ. ஆட்டம். கதவின் கனம் மேல் கீலைப் பின்னால் இழுக்கிறது, கீழ்க் கீலை முன்னால் தள்ளுகிறது. ஆகவே இரண்டு ஆட்டமும் கூடி 1 மி.மீ. ஆகிறது. 40 செ.மீ.யில் 1 மி.மீ. சாய்ந்தால் 90 செ.மீ. தள்ளியிருக்கும் பூட்டு ஓரத்தில் 2.25 மி.மீ. இறக்கம். பூட்டு ஸ்ட்ரைக்கரில் (பூட்டு கவ்விப் பிடிக்க எதிர்த் தூணில் இருக்கும் துண்டு) இடிப்பதற்கு இது தாராளம்.

அந்த இழுப்பும் சிறியதல்ல. 25 கிலோ கதவின் கனம் கீலிலிருந்து 45 செ.மீ. தள்ளி மையம் கொண்டிருந்தால், மேல் கீலில் ஏறக்குறைய 28 கிலோ பக்கவாட்டு இழுப்பு விழும். வண்டி குழியில் விழுந்து எழும்போது அது பல மடங்காகும். துளை வட்டமாகத் தேயாமல் ஒரே திசையில் நீளுவது இதனால்தான்.

ஸ்ட்ரைக்கரை இறக்கி வைத்தால் போதாதா? கீலை நெம்பி வளைத்துத் தூக்குகிறார்களே?

இரண்டும் கதவைச் சாத்த வைக்கும், ஆட்டத்தை எடுக்காது. கீலுக்கு நடுவே மரக்கட்டையைக் கொடுத்துக் கதவை அழுத்துவது பட்டறைகளில் பழைய பழக்கம். தேய்ந்த துளை அப்படியே இருக்க, தகட்டை மட்டும் வளைத்து இறக்கத்தை மறைக்கிறோம். கொஞ்ச நாளில் மறுபடி சரியும். அதற்குள் இரண்டு கீல்களின் அச்சுகளும் ஒரே கோட்டில் இல்லாமல் போயிருக்கும். பிறகு நல்ல புஷ் போட்டாலும் கதவு இறுகி இறுகித்தான் திறக்கும். முதலில் ஆட்டம், அடுத்து கதவின் தொங்கல், கடைசியில்தான் ஸ்ட்ரைக்கர். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

புதுக் கீல் கிடைக்கிறதே. பழையதை எதற்குப் புதுப்பிக்க வேண்டும்?

கண் வெடித்திருந்தால், தகடு துருவில் மெலிந்திருந்தால் புதியதுதான் வழி. மற்றபடி அசல் கீலைக் காப்பாற்றுவதுதான் சரி என்பது என் உறுதியான எண்ணம். அந்த உலோகம் கனமானது. அதன் துளைகள் உங்கள் கதவோடும் தூணோடும் பொருந்தியே பல ஆண்டு ஓடியிருக்கின்றன. நகல் கீல்களில் திருகுத் துளையின் இடம் ஒரு மி.மீ. விலகியிருந்தாலும் கதவின் இடைவெளி முழுவதும் மாறிப்போகும். வாங்கத்தான் வேண்டும் என்றால், கையில் எடுத்ததும் இரண்டு தகட்டையும் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள். புதியதிலேயே ஆட்டம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கீல் திருகு அசையவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

இந்த வேலையில் பொறுமை அதிகம் தேவைப்படும் இடம் இது. திருகின் தலையில் நிரம்பியிருக்கும் பெயிண்டை முதலில் கூர்முனையால் முழுவதும் சுரண்டி எடுங்கள். பெயிண்ட் இருந்தால் டிரைவர் முனை அடிவரை இறங்காது, தலை வழுக்கிக் கெட்டுவிடும். துரு நெகிழ்த்தும் எண்ணெயை முதல் நாளே விட்டு ஊற வையுங்கள்.

அப்புறம் சுத்தியலால் அடிக்கும் கை இம்பாக்ட் டிரைவர். சாதாரண ஸ்க்ரூடிரைவரை நம்பி ஆரம்பிக்கவே வேண்டாம். ஜப்பானிய வண்டி என்றால் இன்னொரு விஷயம்: நட்சத்திரத் தலை போலத் தெரிந்தாலும் அது பிலிப்ஸ் அல்ல, ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) வகை. பிலிப்ஸ் முனை அதில் முழுதாக உட்காராமல் ஏறி வெளியே வரும். ஜேஐஎஸ் முனையைப் போட்டு, கனமான சுத்தியலால் நேராக ஒரு அடி. முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலிழை அசைத்துவிட்டு, பிறகு கழற்றும் பக்கம் திருப்பினால் பல நேரம் விட்டுக்கொடுக்கும்.

அதற்கும் வராவிட்டால் சூடு. வண்டியில் வைத்து நெருப்புக் காட்டுவதற்கு முன் பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வில்லிஸ் எம்பியில் அது டிரைவர் இருக்கைக்கு அடியில், குட்டை லேண்ட் ரோவர் சீரிஸிலும் முன் இருக்கைக்கு அடியில். கதவுத் தூணுக்கு எட்டும் தூரம்தான். கனமான சால்டரிங் அயர்ன் முனையைத் திருகின் தலையில் சில நிமிடம் அழுத்தி வைத்தால் போதிய சூடு இறங்கும், நெருப்பு தேவைப்படாது.

கடைசி வழி, தலையை டிரில் செய்து எடுப்பது. திருகின் தண்டு எவ்வளவு தடிமனோ அதே அளவு டிரில்லால் தலை மட்டும் கழலும்வரை துளைத்து நிறுத்துங்கள். கீல் வந்துவிடும், மிச்சத் தண்டைப் பிடித்துத் திருக இடம் கிடைக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். பல வண்டிகளில் தூணுக்குள் நட் தகடு மிதந்தபடி நிற்கும். எல்லாத் திருகையும் ஒரே சமயத்தில் எடுத்தால் அது தூணுக்குள் விழக்கூடும். மற்றவற்றை எடுத்தபின், ஏற்கெனவே கழற்றிய துளை ஒன்றில் நீளமான போல்ட்டைக் கொஞ்சம் முடுக்கி வைத்துவிட்டுக் கடைசித் திருகைத் தொடுங்கள்.

தனி ஆளாகக் கதவை இறக்கலாமா?

முடியும், ஆனால் செய்யாதீர்கள். ஒரு துணை ஆள், கதவுக்கு அடியில் துணி சுற்றிய மரக்கட்டையும் ஜாக்கியும். கீலின் விளிம்பைச் சுற்றித் தூணிலும் கதவிலும் கோடு கீறிவிட்டு, கதவு நிறுத்தும் பட்டையைக் கழற்றிவிட்டு இறக்குங்கள். மேல், கீழ், இடது, வலது என்று ஒவ்வொரு கீலிலும் சென்டர் பன்ச்சால் புள்ளி அடித்துக்கொள்ளுங்கள். பெயிண்டில் எழுதினால் சுத்தம் செய்யும்போது போய்விடும்.

கீல்பின்னை எப்படி வெளியே எடுப்பது?

எந்தப் பக்கம் அடிப்பது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். பெரும்பாலான பின்களில் ஒரு முனையில் சொரசொரப்பான வரிப்பள்ளங்கள் இருக்கும், அந்த முனைதான் கண்ணைக் கவ்விப் பிடித்திருக்கிறது. எதிர் முனையிலிருந்து அடித்தால்தான் வெளியே வரும். இரண்டு முனையும் அடித்துப் பரப்பப்பட்டிருந்தால் ஒரு முனையை அரைத்துத் தட்டையாக்க வேண்டும்.

கீலை வைஸில் அப்படியே கடிக்கவிட்டு அடித்தால் கண் வளையும். கண்ணின் அடியில் தடித்த குழாய்த் துண்டு ஒன்றை முட்டுக் கொடுத்து, கீல்பின் அதற்குள் இறங்கும்படி அடியுங்கள். அசையவில்லை என்றால் கண்ணை மட்டும் சூடாக்குங்கள். துத்தநாகப் பூச்சு இருந்தால் சூட்டில் வரும் வெள்ளைப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். பூச்சை முதலில் எடுத்துவிட்டு, திறந்த வெளியில் செய்யுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அதை உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதும் முகமூடி போடுவதும் அவசியம்.

வெளியே வந்த பின்னை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். கறுத்த பசை ஒட்டியிருக்கும். துடைத்தால் நடுவில் பளபளவென்று ஒரு பள்ளம், அதற்கு இரண்டு பக்கமும் தேயாத பழைய விட்டம். நகத்தை ஓட்டினால் அந்த விளிம்பில் தட்டும். எத்தனை ஆண்டுக் குலுக்கல் அந்தப் பள்ளத்தில் இருக்கிறது என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

தேய்மானத்தை எப்படி அளப்பது?

பின்னை வெர்னியர் அளவுகோலால் அளக்கலாம்: தேயாத இடத்தில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று, 90 டிகிரி திருப்பி இன்னொன்று. துளைக்கு வெர்னியரின் உள்தாடையை நம்ப வேண்டாம், நீள்வட்டத்தில் அது ஏமாற்றும். டிரில் பிட்டுகளின் வழவழப்பான தண்டுப் பகுதியை ஒவ்வொன்றாக நுழைத்துப் பாருங்கள். 8.0 தாராளமாக ஆடி, 8.3 நுழைந்து, 8.4 நுழையாவிட்டால் துளையின் குறுகிய பக்கம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். நுழைந்த தண்டு எந்தத் திசையில் ஆடுகிறது என்று பார்த்தால் துளை நீண்டிருக்கும் திசையும் தெரியும். துளையின் இரண்டு வாயும் விரிந்து, நடு குறைவாகத் தேய்ந்திருப்பதுதான் வழக்கம்.

பெரிய பின் போட்டுவிடலாமா, புஷ்தான் போட வேண்டுமா?

தேய்மானம் கொஞ்சம்தான் என்றால், துளையை ரீமர் (துளையைத் துல்லிய அளவுக்குச் செதுக்கும் கருவி) விட்டு வட்டமாக்கி அடுத்த அளவுப் பின் போடுவது எளிய வழி. ஆனால் அடுத்த முறை தேயும்போது கண் இன்னும் மெலிந்திருக்கும். புஷ் போட்டால் தேய்வது புஷ் மட்டும். அதைத் தட்டி எடுத்துப் புதியது போட்டால் போதும், அசல் கீலுக்குச் சேதமில்லை. கண்ணின் சுவர் அனுமதித்தால் நான் புஷ் பக்கம்தான். 8 மி.மீ. பின்னுக்கு 10 மி.மீ. வெளிவிட்டப் புஷ் என்றால் துளை 10 ஆக வேண்டும். அதற்குப் பிறகும் கண்ணின் சுவர் குறைந்தது 2 மி.மீ. மிஞ்சுகிறதா என்று அளந்துகொண்டு முடிவெடுங்கள்.

பின் ஒரு தகட்டில் இறுகி நிற்கும், மற்றதில் சுழலும். சுழலும் கண்ணுக்குத்தான் வெண்கலப் புஷ். இறுகி நிற்க வேண்டிய கண்ணும் தளர்ந்திருந்தால் அதற்கு இரும்புப் புஷ் போட்டுப் பின்னை இறுக்க வேண்டும். இரண்டிலும் பின் சுழன்றால் ஆட்டம் இரண்டு மடங்கு வேகத்தில் திரும்பி வரும்.

புஷ்ஷுக்கு எந்த உலோகம் நல்லது?

திட வெண்கலம். கடைசல் பட்டறையில் எளிதாகக் கடையலாம், அமுக்கியபின் ரீமர் விடலாம். எண்ணெய் உறிஞ்சிய துகள் வெண்கலப் புஷ்ஷும் நன்றாக உழைக்கும். ஆனால் அதற்குள் ரீமர் விட்டால் நுண்துளைகள் அடைபட்டு எண்ணெய் கசிவது நின்றுவிடும், அளவு முன்பே சரியாக இருக்க வேண்டும். நைலான் வகைகள் சத்தத்தை நன்றாக அடக்கும். கனமான கதவுக்கு நான் அவற்றை வாஷராக மட்டும் பயன்படுத்துவேன்.

துளையை நேராகப் பெரிதாக்குவது எப்படி?

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நீண்டுபோன துளையில் டிரில் பிட்டை விட்டால் அது பழைய துளையின் வழியே போகும். ரீமரும் அப்படித்தான். கடைசியில் பெரிய துளை கிடைக்கும், ஆனால் மையம் விலகியிருக்கும். கையில் பிடித்த டிரில்லுக்கு இங்கே வேலையே இல்லை.

தகட்டின் திருகு உட்காரும் முகத்தைச் சுத்தம் செய்து, அதை ஒரு கோணத் தகட்டில் போல்ட் போட்டுப் பிடியுங்கள். துளையின் அச்சு அந்த முகத்துக்கு இணையாக இருக்க வேண்டும், அதனால் கண்ணின் வெளிப்புறத்தை வைத்து நேர் பார்க்காதீர்கள், வார்ப்பும் அடிப்பும் ஒழுங்கற்றவை. தேயாத நடுப்பகுதியில் இறுக்கமாக நுழையும் கம்பியைச் சக்கில் கடிக்கவிட்டு, அது தடையில்லாமல் ஏறி இறங்கும்வரை வேலைப்பொருளை நகர்த்தி மையம் பிடியுங்கள். பிறகு போரிங் கம்பியாலோ, தடித்த எண்ட் மில்லாலோ 9.8 வரை திறக்கலாம். இவை பழைய துளையின் கோணலுக்கு எளிதில் வளைந்து கொடுக்காதவை. கடைசியில் 10 மி.மீ. எச்7 ரீமர் (எச்7 என்பது துளையின் துல்லிய வகுப்பு), மெதுவான வேகம், நிறைய எண்ணெய், பின்பக்கமாகச் சுற்றாமல்.

புஷ்ஷின் வெளிவிட்டம் துளையைவிட 0.02 முதல் 0.03 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். வைஸின் இரண்டு தாடைக்கு நடுவே வைத்து மெல்ல அமுக்கினால் நேராக ஏறும், சுத்தியல் வேண்டாம். அமுக்கியதும் புஷ்ஷின் உள்விட்டம் சுருங்கும், அதனால் இறுதி ரீமர் எப்போதும் அமுக்கியபிறகுதான். 8 மி.மீ. எச்7 ரீமர் 8.000 முதல் 8.015 வரை தரும். கடைகளில் கிடைக்கும் எம்6 துல்லிய வகுப்பு 8 மி.மீ. டவல் பின் (அளவாக அரைத்த உருளைக் கம்பி) 8.006 முதல் 8.015 வரை இருக்கும். அதாவது இந்த ஜோடி இறுகி நிற்க வேண்டிய கண்ணுக்குப் பொருந்தும். சுழலும் புஷ்ஷுக்கு 0.03, 0.04 மி.மீ. கூடுதல் இடம் வேண்டும், அதற்கு அளவு மாற்றும் ரீமரே வசதி. எண்ணெய் தொட்ட கீல்பின் கட்டைவிரல் அழுத்தத்தில் வழுக்கி இறங்க வேண்டும். தானாக விழுந்தால் தளர்வு அதிகம்.

இயந்திரம் இல்லாதவர்கள் கீலைச் சுத்தம் செய்து, அளவுகளை எழுதிக் கடைசல் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். அச்சு எந்த முகத்துக்கு இணையாக வர வேண்டும் என்று சுட்டிக்காட்டிச் சொல்வது மட்டும் உங்கள் பொறுப்பு.

பின்னுக்குப் பதிலாக நல்ல ரக போல்ட் போடலாமா?

வேண்டாம். 8 மி.மீ. போல்ட் என்று பெயர் இருந்தாலும் தண்டு பெரும்பாலும் 7.8, 7.9 தான் இருக்கும். இவ்வளவு பாடுபட்டு எடுத்த ஆட்டத்தை நாமே திரும்பப் போட்டதாகும். டவல் பின்னோ, அரைத்து அளவாக்கிய சில்வர் ஸ்டீல் கம்பியோ போடுங்கள். தலையுள்ள பின் என்றால் தலை மேல்பக்கம் இருக்கட்டும். பிடிப்பு விட்டாலும் பின் கீழே நழுவாது.

கண்களுக்கு நடுவே வாஷர் அவசியமா?

மிகவும் அவசியம். கதவின் கீழ்நோக்கிய கனத்தைச் சுமப்பது கண்களின் முகங்கள், பின் அல்ல. முகங்கள் தேய்ந்தால் புஷ் புதிதாக இருந்தாலும் கதவு அந்த அளவு இறங்கும். முகங்களைச் சமமாக்கி, வெண்கலம் அல்லது அசெட்டால் (கடினமான பிளாஸ்டிக்) வாஷர் போட்டு இடைவெளியை நிரப்புங்கள். இரண்டு கீல்களும் கனத்தைப் பகிர வேண்டும். ஒன்றில் மட்டும் வாஷர் தடித்திருந்தால் அந்தக் கீல் தனியாகச் சுமந்து சீக்கிரம் தேயும்.

பெயிண்ட், பூச்சு எப்போது?

துளை வேலைக்குப் பிறகு, புஷ் அமுக்குவதற்கு முன். பவுடர் கோட்டிங் 60 முதல் 100 மைக்ரான் வரை ஏறும், துளையையும் கண் முகங்களையும் அடைத்து மறைக்காவிட்டால் அளந்து செய்த வேலை வீண். மின்முலாம் துத்தநாகம் மெல்லியதுதான், ஆனாலும் துளையின் இரண்டு சுவரிலும் ஏறும் என்பதைக் கணக்கில் எடுங்கள். கடினப்படுத்திய பின்னை முலாமுக்கு அனுப்பாதீர்கள். ஹைட்ரஜன் ஏறி உடையும் தன்மை வந்துவிடும்.

லேண்ட் ரோவரில் கீல் உட்காரும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதே?

கதவின் மேல்தகடு அலுமினியக் கலவை, கீல் இரும்பு. நடுவே ஈரம் தங்கினால் அலுமினியம் அரிக்கப்பட்டு அந்தப் பொடி வருகிறது. பொடியைச் சுரண்டி எடுத்து, இரண்டு பக்கமும் பிரைமர் அடித்து, நடுவே மெல்லிய ரப்பர் அல்லது பிளாஸ்டிக் கேஸ்கெட் வையுங்கள். திருகுக்கும் அரிப்புத் தடுப்புப் பசை தடவி மாட்டுங்கள்.

மாட்டும்போது கதவை எப்படி ஒழுங்குக்குக் கொண்டுவருவது?

கதவைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. தூண் பக்கத்துக் கீல் பாதிகளை மட்டும் மாட்டி, பின் போடாமல், மேல் கண்ணிலிருந்து கீழ்க் கண்வரை ஒரே நேரான நீளக் கம்பியைச் செருகிப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் இரண்டு அச்சும் ஒரே கோட்டில் இருக்கின்றன. இடித்தால் தகட்டுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வைத்துச் சரிசெய்யுங்கள். புஷ் வேலை நன்றாக அமைந்தும் கதவு இறுகுகிறது என்று வருபவர்கள் பெரும்பாலும் தவறவிட்டது இந்தச் சோதனையைத்தான்.

பிறகு ஸ்ட்ரைக்கரைக் கழற்றி வைத்துவிட்டுக் கதவை மாட்டுங்கள். ஸ்ட்ரைக்கர் இருந்தால் கதவைத் தூக்கிப் பிடித்து உண்மையான தொங்கலை மறைத்துவிடும். பூட்டு ஓரம் இன்னும் தாழ்ந்திருந்தால், கீல் தூணின் பின்முகத்தில் உட்காரும் வண்டிகளில் கீழ்க் கீலுக்கு அடியில் ஷிம் வையுங்கள். கதவின் கீழ் முனை பின்னால் தள்ளப்பட்டு ஓரம் உயரும். முன்பு சொன்ன அளவுகளில் 1 மி.மீ. ஷிம் 2.25 மி.மீ. தூக்கும், எனவே அரை மி.மீ.யில் தொடங்குங்கள். சுற்றிலும் இடைவெளி சீரான பிறகு ஸ்ட்ரைக்கர்.

கிரீஸா, எண்ணெயா?

மண்ணில் ஓடும் வண்டிக்கு வெளியே தெரியும் கிரீஸ் ஆகாது. மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு உப்புத்தாளாகத் தேய்க்கும். மாட்டும்போது புஷ்ஷுக்குள் மெல்லிய பூச்சு போதும். அதன்பின் அவ்வப்போது கண்ணின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கதவை நாலைந்து முறை ஆட்டி, கசியும் அழுக்கைத் துணியால் துடையுங்கள். நீரில் இறங்கிய வண்டிக்கு அன்றைக்கே செய்துவிட வேண்டும். சின்னக் கண்ணில் கிரீஸ் நிப்பிளுக்கு ஓட்டை போடுவது கண்ணைப் பலவீனமாக்கும், தேவையில்லை.

கீல் இறுக்கமாகிவிட்டது. ஆனாலும் கதவு கடகடக்கிறதே?

கதவைச் சாத்திவிட்டு, பூட்டு ஓரத்தில் கையை வைத்து உள்ளும் வெளியும் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் ஸ்ட்ரைக்கர் வெளியே தள்ளி நிற்கிறது, அல்லது சுற்று ரப்பர் தட்டையாகிவிட்டது. அசைவில்லாமல் சத்தம் மட்டும் வந்தால் கதவு நிறுத்தும் பட்டையின் பின்னையும் கண்ணாடிச் சட்டத்தையும் பாருங்கள். ஓடும்போது மட்டும் கதவின் இடைவெளி மாறுகிறது என்றால் விஷயம் கதவில் இல்லை. உடலைச் சட்டத்தோடு பிணைக்கும் மவுண்ட் ரப்பர்கள் நைந்திருக்கும், அவற்றை மாற்றிய பிறகு ஷிம்களை மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டிவரும்.